மூன்று வெள்ளைப் பிடரிகள்

கூரண்டா பள்ளியில் அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் நான்கே பேர். நான்கும் பையன்கள். வகுப்புப் படம் எடுக்க வந்தவர் கேமராவுக்குள் பார்த்துவிட்டு, இவ்வளவு காலியிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்து, தலைமையாசிரியரையும் பள்ளிப் பேருந்து ஓட்டுநரையும் ஓட்டுநரின் நாயையும் கூட நிற்க வைத்தார். அந்தப் படத்தில் ஒழுங்காக முடி வெட்டிக்கொண்டு நின்றது நாய் மட்டும்தான்.

தலைமையாசிரியருக்கு வழுக்கை. அவரை விடுங்கள். பையன்கள் நால்வருக்கும் காரணம் இருந்தது. பிப்ரவரி மாதம், பள்ளி திறந்த முதல் நாள், பேருந்தின் கடைசி இருக்கையில் டிக்பி அந்தச் சபதத்தை எடுக்க வைத்தான். பள்ளி முடித்தவர்கள் கடற்கரையில் கூடும் மூன்று நாள் திருவிழாதான் ஸ்கூலீஸ்; சபதம் அதைப் பற்றி.

"நவம்பர்ல விக்டர் ஹார்பர் ஸ்கூலீஸுக்கு நாலு பேரும் போறோம். சரியா? அது வரைக்கும் பின்னாடி முடியில கத்தரி படக்கூடாது. திருவிழா கடைசி நாள் கடற்கரையில வரிசையா உக்காந்து, ஆட்டுக்கு ரோமம் வெட்டுற கத்தரியால ஒருத்தனுக்கு ஒருத்தன் வெட்டி விடுறோம். அதோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது."

"வெட்டுன முடியை என்ன பண்றது?" என்று கேட்டான் இரட்டையரில் ஒருவனான ஹேமிஷ்.

"கடல்ல விடுறோம்," என்றான் இன்னொருவனான ஹியூகோ. இரட்டையர் இருவரும் ஒரு வாக்கியத்தை ஆளுக்குப் பாதியாகப் பேசிப் பழகியவர்கள். மூளையையும் அப்படித்தான் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரோவன் நோஸ்கே ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டி மற்ற மூன்று கைகளின் மேல் வைத்தான். அவன் அதிகம் பேசாத ஆள். ஒரு விஷயத்துக்கு ஒரு தடவை சரி என்று சொன்னால் போதும் என்று நினைப்பவன்.

அந்த முடிவெட்டுக்கு மல்லட் என்று பெயர். முன்னாலும் காதுக்கு மேலும் ஒட்ட வெட்டிவிட்டுப் பிடரியில் மட்டும் தோள் வரை வளர்ப்பது. முன்பக்கம் பார்த்தவர்கள் பெண் கொடுப்பார்கள். பின்பக்கம் பார்த்தவர்கள் போலீஸைக் கூப்பிடுவார்கள். ரோவனுக்கு அது மற்றவர்களைவிட நன்றாகவே வளர்ந்தது. ஆகஸ்டில், உழவு வண்டியில் அவன் அசந்து தூங்கியபோது, ஒரு மேக்பைக் குருவி பிடரிக்குள் இரண்டு குச்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. மூன்றாவது குச்சியோடு வந்தபோது அவன் விழித்துவிட்டான். குருவி கோபித்துக்கொண்டு அந்தப் பருவம் முழுக்க அவன் தலையை மட்டும் தேடித் தேடிக் கொத்தியது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது.

அந்த முடிக்காக அவன் கொடுத்தது கொஞ்சமில்லை. அக்கா கல்யாணத்தில் எல்லாப் படத்திலும் தூணுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள், நின்றான். கால்பந்தாட்டத்தில் எதிரணிக்காரன் பிடித்து இழுக்க வசதியாக அது ஒரு கைப்பிடி போல இருந்தது, இழுபட்டான். அம்மா ஜோலின் ஞாயிறுதோறும் கத்தரியோடு சமையலறை நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று கெஞ்சுவாள்.

"நுனியை மட்டும்டா. ஒரு விரக்கடை."

"ஸ்கூலீஸ் முடியட்டும்மா."

இந்தத் திருவிழா அவனுக்கு ஏன் அத்தனை பெரிதாக இருந்தது என்றால், அதற்குப் பிறகு அவனுக்கு வேறு திருவிழா கிடையாது. டிக்பி அடிலெய்டில் படிக்கப் போகிறான். இரட்டையர் வடக்கே சுரங்க வேலைக்கு. ரோவன் கூரண்டாவிலேயே, அப்பாவின் கோதுமையோடு. ஐந்து வயதிலிருந்து அதே பேருந்தில் அதே இருக்கையில் ஒருவன் முழங்கை இன்னொருவன் விலாவில் இடிக்க வளர்ந்த நான்கு பேர் கடைசியாகச் சேர்ந்து இருக்கப்போவது அந்த மூன்று நாள்தான். நான்கு பேரும் முடி பறக்க ஒரே வரிசையில் திருவிழா வாசலுக்குள் நுழைவதை அவன் அறுவடை வண்டியில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்துவிட்டான். கோதுமை வயலில் வேறு பார்க்க ஒன்றும் இல்லை.

*

அறுவடைக்கும் ஸ்கூலீஸுக்கும் ஒரே மாதத்தைக் கொடுத்தவன் விவசாயியாக இருந்திருக்க முடியாது. அந்த வருஷம் நடுவில் மழை வேறு வந்து ஈரம் காய ஒரு வாரம் போயிற்று. கிளம்ப வேண்டிய வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டு வயல் நின்றது: ரோவன் வீட்டில் கடைசித் துண்டு, டிக்பி வீட்டில் பாதி.

டிக்பியின் அப்பா கிளைவ் முடியாது என்று சொல்லிவிட்டார். "கதிர் நிக்குது. நீ கடற்கரையில போய் ஆடுவியா? வண்டியில ஏறு."

டிக்பி வேலி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, அழவில்லை என்று எல்லாரும் சொல்லும்படியாக அழுதான். ரோவன்தான் போய்ப் பேசினான்.

"மாமா, அவன் போகட்டும். அவன் பங்கையும் நான் அறுத்துட்டு நாளைக்கு வரேன்."

கிளைவ் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உனக்குப் போகணும்னு இல்லையாடா?"

"யாராச்சும் ஒருத்தர் முன்னாடி போய், நாங்க தங்கற கடற்கரை வீட்டுச் சாவியை வாங்கணும் மாமா. டிக்பி கெட்டிக்காரன்."

டிக்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். திருவிழாவுக்குள் நுழையக் கையில் கட்டும் துணிப் பட்டை நான்கு பேருக்கும் சேர்த்து டிக்பியின் வீட்டுக்குத்தான் தபாலில் வந்திருந்தது.

"உன் கைப்பட்டை எங்கிட்டதான் இருக்கு மச்சான். நீ வாசலுக்கு வந்து ஒரு போன் அடி. நானே ஓடி வந்து உன் கையில கட்டுறேன். நீ வராம நாங்க உள்ளயே போக மாட்டோம், பாரு."

"போங்கடா. வெயில்ல நிக்காதீங்க," என்றான் ரோவன்.

மூன்று பேரும் இரட்டையரின் காரில் புழுதி கிளப்பிக்கொண்டு போனார்கள். மூன்று பிடரி முடியும் கண்ணாடிக்கு வெளியே பறந்தது. ரோவன் அதைப் பார்த்துக்கொண்டே டிக்பி வீட்டு வண்டியில் ஏறினான்.

அவன் அன்று அறுத்த அறுப்பை கூரண்டாவில் இன்றும் பேசுவார்கள். கதிர்கள் வண்டி வருவதைப் பார்த்ததும் தாமாகவே சாய்ந்து கொடுத்தன என்று கிளைவே சொல்லியிருக்கிறார். மறுநாள் மத்தியானம் இரண்டு வீட்டு வயலும் மொட்டை. ரோவன் குளிக்கவில்லை. சாப்பாட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அப்பாவின் பழைய லாரியில் ஏறினான்.

அப்பா மெர்வ் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். "மூஞ்சியாச்சும் கழுவிட்டுப் போடா."

"கடல் இருக்குப்பா அங்க."

"அது சரி. திங்கக்கிழமை வந்துருவல்ல?"

"முடியை வெட்டிட்டு வந்துருவேன்."

ஜன்னலில் நின்ற அம்மா ஆமென் என்றாள்.

*

மர்ரே பிரிட்ஜ் தாண்டி, ஸ்ட்ராதல்பின் தாண்டி, அவன் விக்டர் ஹார்பர் கடற்கரைச் சாலைக்கு வந்தபோது சாயங்கால வெயில் பைன் மரங்களுக்கு நடுவே மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு தெரு முழுக்கப் பதினேழு வயது. ஆண்பிள்ளைகள் சட்டையில்லாமல், பெண்பிள்ளைகள் செருப்பில்லாமல். எல்லார் இடுப்பைச் சுற்றியும் அவரவர் பள்ளியின் கடைசி வருஷச் சட்டை. தரையே இசைக்கு அதிர்ந்தது. புல்வெளியைச் சுற்றிக் கம்பி வேலி. ஒரே வாசல்.

ரோவன் லாரியிலிருந்து இறங்கினான். அவனைப் பற்றி இங்கே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. தூக்கமில்லாத கண். மூன்று வாரத் தாடி. அப்பாவின் சட்டை. அந்தச் சட்டையை உதறினால் ஒரு ரொட்டிக்கு மாவு கிடைக்கும். பிடரி முடி வியர்வையில் ஒட்டிக் கயிறாகத் தொங்கியது. பதினெட்டு முடிந்து இரண்டு மாதம் ஆன பையன் அவன். பார்த்தால் இரண்டு கல்யாணம் முறிந்த ஆள் மாதிரி இருந்தான்.

பான்கேக் சுட்டுக் கொடுக்கும் தன்னார்வப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "சார், பிள்ளையைத் தேடி வந்தீங்களா? பேர் சொல்லுங்க, மைக்ல கூப்பிடுறோம்."

"இல்லங்க. நான் ஸ்கூலி."

அவள் ஒரு பான்கேக்கை அவன் கையில் வைத்துவிட்டு மெதுவாகப் பின்வாங்கினாள்.

டிக்பிக்குப் போன் அடித்தான். மணி அடித்து அடித்து நின்றது. இரட்டையருக்கு அடித்தான். ஒருவன் எடுக்கவில்லை; இன்னொருவன் பாதி மணியில் வெட்டினான். உள்ளே சத்தம், கேட்டிருக்காது என்று எண்ணிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

வாசலில் காவல் இருந்தவள் ரோண்டா என்ற பெண். ஐம்பது வயது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தாள். அந்த நாற்காலி அவளை அந்த மூன்று நாளும் தாங்கியதைத்தான் திருவிழாவின் பெரிய அதிசயம் என்று அங்கே பேசிக்கொண்டார்கள். அவள் வேலை ஒன்றே ஒன்று: டூலிகளை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வது. பள்ளி முடித்து வருஷங்கள் ஆகியும் சின்னப் பெண்களைத் தேடி இங்கே வந்து நுழையப் பார்க்கிற தடிமாடுகளுக்குத்தான் அந்தப் பெயர். ரோவனைப் பார்த்ததும் அவள் வறுவலைக் கீழே வைத்தாள்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"உள்ள போகணும்க்கா. என் பட்டை பிரெண்டு கிட்ட இருக்கு."

"எல்லா டூலியும் இதைத்தான்ணே சொல்றான். வேற ஏதாச்சும் புதுசா யோசிச்சிட்டு வாங்க."

"நான் டூலி இல்லக்கா. இந்த வருஷம்தான் முடிச்சேன்." லைசென்ஸை எடுத்துக் கொடுத்தான். பதினாறு வயதில் எடுத்த படம். எண்ணெய் வைத்து வாரிய தலையோடு ஒரு குழந்தை அதில் சிரித்துக்கொண்டிருந்தது.

ரோண்டா படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "உங்க பையனா? லட்சணமா இருக்கான்."

"நான்தான்க்கா அது."

"ரோவன் நோஸ்கே," என்று படித்து, கையிலிருந்த கருவியில் பெயரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாள். "ரோவன் நோஸ்கே நேத்து சாயங்காலமே உள்ள போயிட்டான்ணே. இதை எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு நான் கேக்கல. கிளம்புங்க."

ரோவனுக்கு அது புரியவில்லை. புரியாத விஷயத்துக்கு அவன் கோபப்படுவதில்லை, நின்று பார்ப்பான். "அக்கா, எங்க ஊர்ப் பசங்க மூணு பேர் உள்ள இருக்காங்க. அவங்களைக் கேளுங்க. ஈசியா கண்டுபிடிச்சிரலாம். மூணு பேருக்கும் என்னை மாதிரியே முடி. நாங்க சபதம் எடுத்திருக்கோம்."

"இந்த மாதிரியா?" ரோண்டா அவன் பிடரியை எட்டிப் பார்த்தாள். "இதை நான் பார்த்திருந்தா மறந்திருக்க மாட்டேன் சாமி."

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் டிக்பியின் சிரிப்பு கேட்டது. எத்தனை ஒலிபெருக்கி அலறினாலும் அந்தச் சிரிப்பை ரோவனுக்குத் தெரியும். கதவு கிறீச்சிடுவது போல ஆரம்பித்து விக்கலில் முடியும். திரும்பிப் பார்த்தான். முதுகு காட்டி நான்கு பேர். தோளோடு தோள், ஒரே வரிசையில். நாலாவது ஆள் நல்ல உயரம். நான்கு பேர் தலையிலும் முடி அளவாக, பட்டணத்து வெட்டாக இருந்தது.

"டிக்பி," என்று கூப்பிட்டான்.

டிக்பி திரும்பினான். முகத்தில் இருந்த சிரிப்பு அங்கேயே மாட்டிக்கொண்டது. இரட்டையர் அவரவர் காலைப் பார்த்தார்கள். பார்க்க ஆளுக்கு ஒரு ஜோடி கால் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ரோண்டா எழுந்தாள். "தம்பிகளா, இங்க வாங்க. இதுல ரோவன் நோஸ்கே யாரு?"

உயரமானவன் கையைத் தூக்கினான். கையில் பட்டை. "நான்தான்."

அவன் ஜாஸ்பர். டிக்பியின் பெரியம்மா மகன். அடிலெய்டுக்காரன். கடற்கரை வீடு அவன் அப்பாவுடையது. வயது இருபத்திரண்டு.

"பொறந்த தேதி?"

"செப்டம்பர் பத்தொன்பது," என்றான் ஜாஸ்பர், தயங்காமல்.

ரோவனுக்கு நெஞ்சில் இடித்தது அந்தத் தேதிதான். பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுக்கலாம். பிறந்த நாளை டிக்பிதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு செப்டம்பரிலும் பேருந்தில் ஒரு சாசேஜில் மெழுகுவர்த்தி குத்திக் கொண்டுவருவானே, அவனுக்குத்தான் அந்தத் தேதி மனப்பாடம்.

"சரி," என்று ரோண்டா டிக்பி பக்கம் திரும்பினாள். "இந்தண்ணன் உங்களைத் தெரியும்ங்கறாரு. உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

டிக்பி ரோவனைப் பார்த்தான். தாடியை, புழுதியை, தன் அப்பாவின் வயலில் விளைந்த உமி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த முடியைப் பார்த்தான். பக்கத்தில் மூன்று பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இல்லக்கா. பார்த்ததே இல்ல."

"டூலி போல இருக்கு," என்றான் ஹேமிஷ், தரையிடம்.

ஹியூகோ மிச்சப் பாதியைச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவனை மெச்சலாம்.

*

ரோவன் வாசலை விட்டு நகர்ந்து வேலியோரம் வந்தான். பான்கேக் இன்னும் கையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் டிக்பி, ஷூ கயிறு கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், கோச்சுக்காத. கேளு. ஜாஸ்பர் வீட்டைக் கொடுக்கும்போது ஒரு கண்டிஷன் போட்டுட்டான். அவனையும் உள்ள கூட்டிட்டுப் போகணுமாம். ஒரு பட்டைதானே எக்ஸ்ட்ராவா இருந்துச்சு."

"எக்ஸ்ட்ராவா?"

"அதாவது, நீ வரலைல. அந்த நேரத்துக்கு."

ரோவன் கையிலிருந்த பான்கேக்கை இரண்டாக மடித்தான்.

"இந்தத் தலையோட வீட்டுக்குள்ள வராதீங்கன்னான்டா. பொண்ணுங்க வேற இருக்காங்க. மர்ரே பிரிட்ஜ்லயே ஒரு கடையில நிறுத்தி…" டிக்பி பிடரியைத் தடவினான். "முடிதானேடா. வளரும். நீயும் போய்க் குளிச்சிட்டு, அதை வெட்டிட்டு, நாளைக்கு வா. நாளைக்கு நான் எப்படியாச்சும் பேசிப் பார்க்கறேன். இப்ப மட்டும் இங்க நிக்காத. அவ கண்டுபிடிச்சிட்டா நாலு பேரையும் வெளிய தள்ளிருவா. தயவு செஞ்சு."

"உங்க வயல் முடிஞ்சுதுன்னு மாமா சொல்லச் சொன்னாரு," என்றான் ரோவன்.

டிக்பி ஷூ கயிற்றை இன்னொரு தடவை அவிழ்த்துக் கட்டிவிட்டு எழுந்து போனான்.

அவன் எழுந்து திரும்பியபோது சாயங்கால வெயில் நேராகப் பின்கழுத்தில் விழுந்தது. ரோவன் அதைப் பார்த்தான். முகமும் கையும் தோளும் வயல்வெயிலில் செங்கல்லாகக் கறுத்திருக்க, பிடரி மட்டும் உரித்த முட்டை மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு வருஷமாக வெயிலே படாத இடம். டிக்பி போய் இரட்டையரோடு நின்றதும், அங்கே மூன்று வெள்ளைப் பிடரிகள். ஜாஸ்பரின் கழுத்து மட்டும் மற்ற உடம்பின் நிறத்திலேயே இருந்தது.

பார்த்தது அவன் மட்டும் இல்லை. நாற்காலி முனகும் சத்தம் கேட்டது. ரோண்டா எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வேலிக்குள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவன் பிடரியைப் பார்த்தாள். பிறகு மறுபடி வேலிக்குள்.

"தம்பி," என்றாள். அண்ணன் போய்த் தம்பி வந்துவிட்டது. "அந்த மூணு கழுத்துலயும் நேத்து வரைக்கும் என்ன இருந்துச்சு?"

ரோவன் குனிந்து கையிலிருந்த பான்கேக்கைப் பார்த்தான்.

"நான் மூணு பிள்ளை பெத்தவ. கழுவாத காதைத் தூரத்துல இருந்தே கண்டுபிடிப்பேன். இதுவா தெரியாது?" அவள் வாசலைத் திறந்து ஒரு விசில் அடித்தாள். அந்த விசிலுக்கு நடுக்கடலில் இருந்த படகு ஒன்று நின்றுவிட்டதாகச் சொல்வார்கள். "டேய், முட்டைக் கழுத்துங்களா. வாங்க இங்க. நெட்டையா, நீயும் வா."

நால்வரும் வந்தார்கள். ஜாஸ்பர் பட்டை கட்டிய கையைப் பையில் விட்டிருந்தான்.

ரோண்டா ரோவனின் தோளில் கை வைத்தாள். "நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்டா ராசா, சாட்சி இல்லாம நான் கை வைக்க முடியாது. இந்த நெட்டையன் கையில இருக்கற பட்டையை வெட்டி உன் கையில நானே கட்டுறேன். அவங்க நாலு பேரும் வெளிய, நீ உள்ள. சொல்லு. இந்தப் பசங்களை உனக்குத் தெரியுமா?"

டிக்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. கழுத்தைவிட முகம் வெளுத்திருந்தது. அவன் உதடு 'மச்சான்' என்று அசைந்தது. சத்தம் வரவில்லை.

ரோவன் ஒவ்வொருவராகப் பார்த்தான். அவசரமில்லாமல், நின்ற வயலில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது போலப் பார்த்தான். இந்த மூன்று தலைகளைத் தேடித்தான் அவன் இவ்வளவு தூரம் வந்தான். வாசல் இதோ, திறந்தே இருக்கிறது. உள்ளே இசை இருக்கிறது, கடல் இருக்கிறது. நான்கு பேராக நுழைய மட்டும் அங்கே ஆள் இல்லை.

"தெரியாதுக்கா," என்றான். "பார்த்ததே இல்ல."

டிக்பிக்கு மூச்சு வந்தது. காட்டிக்கொடுக்காமல் நம்மைக் காப்பாற்றினான் என்று அவன் நினைத்துக்கொண்டான். கூரண்டாவில் பாதிப் பேர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ரோவனிடம் கேட்டால், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன் என்பான்.

ரோண்டா தன் உருளைக்கிழங்கு வறுவலை அப்படியே அவன் கையில் கொடுத்தாள்.

"பார்த்து ஓட்டிட்டுப் போப்பா," என்றாள்.

*

மறுநாள் காலை மெர்வ் எழுந்து வெளியே வந்தபோது லாரி கொட்டகையில் நின்றது. மகன் அறுவடை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமைன்ன?"

"ஆமாப்பா."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

"ஆமாப்பா."

"பசங்களைப் பார்த்தியா?"

"அங்க ஒருத்தரும் தெரிஞ்சவங்க இல்ல."

மெர்வ் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். மகனுடைய முகம் எண்ணெயாக இருந்தது. எண்ணெய் மட்டுமா என்று அவர் ஆராயவில்லை. ஒரு துணியை உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

அம்மா கத்தரியோடு வந்தாள். நாற்காலியை வெளியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "சரி, உன் திருவிழாவும் ஆச்சு. வா, வந்து உக்காரு."

"ஆகலையேம்மா," என்றான் ரோவன் அடியிலிருந்து. "ஸ்கூலீஸ் முடிஞ்சாத்தானே வெட்டணும். நான் இன்னும் உள்ளயே போகலையே."

அந்த நாற்காலி கொஞ்ச நாள் அங்கேயே கிடந்தது. பிறகு கோழி ஏறி உட்கார ஆரம்பித்தது.

மூன்று பிடரியும் மறுநாள் கடற்கரை வெயிலில் வெந்து, தலையைத் திருப்ப முடியாமல், ஊருக்கு வரும்போது மூன்று பேரும் நேராகவே பார்த்துக்கொண்டு வந்தார்கள். வண்டியைத் திருப்ப வேண்டிய இடத்தில் பின்னால் பார்க்க முடியாமல் தஸ்மேனியா வரை போய்விட்டுத் திரும்பினார்கள் என்று கிளைவ் சொன்னார். நடுவில் கடல் இருக்கிறதே என்று கேட்டவருக்கு அவர் பதில் சொல்லவில்லை.

அதற்கப்புறம் வருஷங்கள் போய்விட்டன. ரோவனின் முடி இப்போது இடுப்பைத் தாண்டிவிட்டது. அறுவடைக் காலத்தில் இயந்திரத்தில் மாட்டாமல் இருக்கச் சட்டைக்குள் விட்டுக்கொள்வான். கோடையில் நாய் அதன் நிழலில் படுக்கும். குருவிகளோடு சமாதானம் ஆகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு ஜோடி குடிவைக்கிறான்.

டிக்பி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊருக்கு வருவான். முதல் வருஷம் மதுக்கடையில் பின்னாலிருந்து வந்து ரோவனின் தோளில் தட்டினான்.

"மச்சான்."

ரோவன் திரும்பினான். மரியாதையாக எழுந்து கை கொடுத்தான். "நான் ரோவன் நோஸ்கே. செப்டம்பர் பத்தொன்பது. சாருக்கு எந்த ஊரு?"

டிக்பி சிரித்தான். ரோவன் சிரிக்கவில்லை. மறு வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷம் டிக்பி கத்திப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், அப்பாவைத் தூது அனுப்பிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ரோவன் எழுந்து நின்று, அதே மரியாதையோடு, புது ஆளிடம் நடந்துகொள்வது போலவே நடந்துகொண்டான். குரலில் கோபம் இருந்தால்கூட டிக்பி பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பான். அதுவும் இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு டிக்பி வந்தபோது அவனுக்கு உச்சியில் வழுக்கை விழுந்துவிட்டது. நேராக வந்து ரோவனின் மேசைக்கு முன்னால் நின்றான். கையை அவனே நீட்டினான்.

"என் பேரு டிக்பி. இந்தப் பக்கம்தான் பொறந்தேன். இங்க உக்காரலாமா?"

"தாராளமா உக்காருங்க," என்றான் ரோவன்.

இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். கோதுமை விலையைப் பற்றிப் பேசினார்கள். முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் பேசி முடித்தபிறகு, டிக்பி தன் கோப்பையையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"தப்பா நினைக்காதீங்க. அந்த முடியை எப்ப வெட்டப் போறீங்க?"

ரோவன் முடியை முன்பக்கம் இழுத்து மடியில் போட்டு, அதில் ஒட்டியிருந்த உமியை எடுத்துக் கீழே போட்டான்.

"ஸ்கூலீஸ் முடியட்டும்னு இருக்கேன் சார்," என்றான். "கூட வரேன்னு மூணு பேர் சொல்லியிருக்காங்க."